நீரில் எரிந்த நெருப்பு

நீருக்கும் நெருப்புக்கும் பகை என்பது உலகறிந்த செய்தி. எரியும் விறகை அணைக்க நீரைத் தெளிக்கிறோம். கூரை பற்றிக்கொண்டால் குடம் குடமாக நீரை ஊற்றுகிறோம். நீர் பட்டால் நெருப்பு அடங்கும் என்பதை நாம் நடை பழகும் நாளிலேயே கற்றுக்கொள்கிறோம். ஆயினும், நீரின்மேலேயே படர்ந்து, நீரையே பாயாக விரித்து எரியும் நெருப்பும் உண்டு. அத்தகைய நெருப்பை ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதி நம் கண்முன் நிறுத்தியது. அந்தப் பகுதியை ஒரு வேதியியல் மாணவரின் கண்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரின் பெயர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக, 73 பகுதிகளாக வெளிவந்தது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் கற்பனைப் புதினங்களைத் தழுவியது. 2012ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் ஒளிபரப்பான 'பிளாக்வாட்டர்' என்னும் பகுதியே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இரண்டாம் பருவத்தின் ஒன்பதாவது பகுதி அது. புதின ஆசிரியரே அதற்குத் திரைவசனம் எழுதினார். நீல் மார்ஷல் இயக்கினார். 2013இல் கற்பனைப் படைப்புகளுக்குரிய ஹ்யூகோ பரிசும் அதற்குக் கிடைத்தது.

எங்கள் விடுதியின் பொது அறையில் அண்மையில் அப்பகுதியை மீண்டும் ஓட்டினார்கள். பல மாநிலத்து மாணவர்கள் கூடியிருந்தோம். பச்சை நெருப்பு வெடித்தெழுந்தபோது அறை முழுதும் கைதட்டல் எழுந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் வங்காள நண்பர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீ வேதியியல் படிக்கிறாயே, இப்படி நடக்குமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. நடக்குமா என்று ஆராயத் தொடங்கினால், நடந்திருக்கிறது என்ற செய்தியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. எப்படி என்பதை முறையாகக் காண்போம்.

கதையும் காட்சியும்

தொடரைப் பார்த்திராத அன்பர்களுக்காகக் கதையைச் சுருங்கக் கூறுகிறேன். வெஸ்டெரோஸ் என்பது கற்பனை நாடு. அதன் தலைநகரில் ஜாஃப்ரி என்னும் சிறுவன் அரியணையில் இருக்கிறான். அரியணை தனக்கே உரியது என்று ஸ்டானிஸ் என்பவன் பெருங்கப்பற்படையோடு வருகிறான். நகரைக் காக்கும் பொறுப்பு அரசனின் மாமனாகிய டிரியன் லானிஸ்டரிடம் இருக்கிறது. டிரியன் உருவத்தில் குள்ளன், அறிவில் நெடியவன். ஆள் குறைவு, கப்பல் குறைவு. ஆனால் நகரின் அடியில் ஒரு சரக்கு குடம் குடமாகக் கிடக்கிறது. இரசவாதிகளின் கூட்டம் ஒன்று அதைக் காய்ச்சி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'வைல்ட்ஃபயர்' என்று பெயர். காட்டுத்தீ என்று பெயர்த்தால் வனத்தில் பற்றும் தீயோடு மயங்கும். ஆதலின் இங்குப் பச்சைத் தீ என்றே வழங்குகிறேன்.

இரவில் படை வருகிறது. எதிரே ஒரே ஒரு கப்பல் மிதந்து வருகிறது. அதில் ஆள் இல்லை. அதன் அடியிலிருந்து பச்சை நிறத் திரவம் ஒழுகி நீரின்மேல் பரவுகிறது. ஸ்டானிஸின் தளபதி டாவோஸ் அதைக் கண்டு அஞ்சிக் கூவுகிறான். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மதில்மேல் நிற்கும் டிரியன் ஒரு தீப்பந்தத்தைக் கீழே எறிந்து குறிப்புக் காட்டுகிறான். கரையில் நிற்கும் பிரான் என்பவன் தீ அம்பு ஒன்றை விடுகிறான். ஆற்றின் முகமே பச்சையாக வெடிக்கிறது. டாவோஸின் மகன் மாத்தோஸ் மடிகிறான். கப்பல்கள் எரிகின்றன, மனிதர் எரிந்தபடி நீரில் குதிக்கின்றனர், நீரும் எரிகிறது.

இவ்விடத்தில் இயக்குநர் மூன்று முகங்களைக் காட்டுகிறார். சிறுவன் ஜாஃப்ரி வேடிக்கை பார்ப்பவனைப்போல் மகிழ்கிறான். சரக்கைக் காய்ச்சிய இரசவாதி ஹாலைன் தன் தொழில் பலித்தது கண்டு பூரிக்கிறான். டிரியனின் முகத்திலோ வெற்றிக்களிப்பு இல்லை. திட்டமிட்டவன் அவனே, குறிப்புக் காட்டியவனும் அவனே, ஆயினும் தான் செய்ததைக் கண்டு அவனே திகைத்து நிற்கிறான். இந்த மூன்று முகங்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இவற்றுக்குத் திரும்ப வருவோம்.

நூலில் உள்ளதும் திரையில் இல்லாததும்

இப்போர் 1998இல் வெளிவந்த 'எ க்ளாஷ் ஆஃப் கிங்ஸ்' என்னும் இரண்டாம் புதினத்தில் வருகிறது. நூலுக்கும் திரைக்கும் வேறுபாடுகள் பல. டாவோஸுக்கு நூலில் ஏழு மக்கள். அவர்களுள் நால்வர் இப்போரில் மடிகின்றனர். திரையில் ஒரு மகனே போருக்கு வருகிறான். இத்தகைய சுருக்கம் திரைக்கு இயல்பு. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இரண்டு வேறுபாடுகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை.

முதலாவது, சங்கிலி. நூலில் டிரியன் நகரத்துக் கொல்லர்களையெல்லாம் அழைத்து, வாளும் கவசமும் செய்வதை நிறுத்திவிட்டுப் பெரிய இரும்புக் கண்ணிகள் செய்யச் சொல்கிறான். எதற்கு என்று எவருக்கும் விளங்கவில்லை. போர் நாளில் எதிரிக் கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைந்தபின், அந்தச் சங்கிலி ஆற்றின் வாயில் உயர்ந்து நிற்கிறது. முன்னே நெருப்பு, பின்னே இரும்பு. தப்ப வழி இல்லை. பழைய கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தார் பொற்கொம்பு என்னும் கடற்கழியின் வாயிலை இத்தகைய சங்கிலியால் அடைத்து வைத்திருந்தனர் என்பது வரலாறு. 1453இல் அந்நகரை முற்றுகையிட்ட துருக்கியர் சங்கிலியைத் தாண்ட இயலாமல், தங்கள் கப்பல்களைத் தரைவழியே இழுத்துச் சென்று கழிக்குள் இறக்கினர்.

இரண்டாவது, அரசனின் சொந்தக் கப்பல்கள். நூலில் நகரத்துக் கப்பற்படையும் ஆற்றில் நின்று போரிடுகிறது. தீ பரவும்போது பகைவரின் கப்பல்களோடு அந்தக் கப்பல்களும் எரிகின்றன. அவற்றிலும் மாலுமிகள் இருந்தனர். அவர்கள் இல்லாவிடில் பகைவர் ஆற்றுக்குள் ஐயமின்றி நுழைந்திருக்க மாட்டார்கள். சுருங்கச் சொன்னால், தன் ஆட்களையே தூண்டிற்புழுவாக வைத்துத்தான் நூலின் டிரியன் அந்த வெற்றியைப் பெறுகிறான்.

திரையில் சங்கிலியும் இல்லை, தூண்டிற்புழுவும் இல்லை. ஆளில்லாத ஒற்றைக் கப்பல் மட்டும் வருகிறது. படப்பிடிப்பின் செலவை எண்ணிப் பார்த்தால் இது விளங்கக்கூடியதே. ஆயினும் விளைவு யாது? திரையில் டிரியனின் கை சற்றே தூய்மையாகிவிடுகிறது. மடிந்தவர் அனைவரும் பகைவரே. தப்பிக்கவும் கடல் திறந்தே கிடந்தது. பார்ப்பவர் கைதட்டுவது எளிதாகிவிடுகிறது. நூலைப் படித்துவிட்டுக் கைதட்டுவது அத்துணை எளிதன்று. நூலாசிரியரே திரைக்கும் எழுதியிருந்தும் இந்த மாற்றம் நேர்ந்தது என்பதைக் கருத வேண்டும். டிரியனின் திகைத்த முகத்தைக் காட்டியதன் வாயிலாக, விட்ட சுமையில் ஒரு பகுதியையேனும் திரை மீட்டுக்கொண்டது என்பது என் கருத்து.

சுடர் ஏன் பச்சை?

இனி வேதியியலுக்கு வருவோம். மந்திரமும் டிராகன்களும் நிறைந்த கதைக்கு வேதியியல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இச்சரக்கில் மந்திரமும் கலந்திருப்பதாக நூலின் இரசவாதிகளே கூறுகின்றனர். உண்மைதான். ஆனால் அதே நூல் அச்சரக்குக்கு ஒழுங்கான இயல்புகளையும் வகுத்திருக்கிறது. நாள்பட்டால் அதன் நிலைத்தன்மை குறையும், வெப்பம் ஆகாது, குடங்களை வெறுங்கல் அறைகளில் வைக்க வேண்டும், தீப்பற்றினால் மேலிருந்து மணல் விழுந்து மூடும்படி ஏற்பாடு இருக்கும். நம் ஆய்வுக்கூட வாயிலில் சிவப்பு வாளியில் மணல் தொங்குவதை அறிந்த எவருக்கும் இது புதிதன்று. இயல்புகள் உள்ள பொருளை ஆராய நமக்கு உரிமை உண்டு.

சாதாரண நெருப்பு மஞ்சளாக இருப்பதேன்? விறகோ எண்ணெயோ எரியும்போது முழுதும் எரியாத நுண்ணிய கரித்துகள்கள் சுடரில் மிதக்கின்றன. அவை சூடேறி ஒளிர்வதே நாம் காணும் மஞ்சள். இதற்கு மாறாக, சில தனிமங்கள் சுடரில் தமக்கே உரிய நிறத்தைக் காட்டும். சோடியம் மஞ்சள், ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியமும் செம்பும் பச்சை. தீபாவளி மத்தாப்பில் பச்சை காட்டுவது பேரிய உப்பு.

திரவச் சுடர் பச்சையாக எரிய வேண்டுமானால் போரான் என்னும் தனிமமே மிகவும் ஏற்றது. இளநிலை வகுப்பில் உப்புப் பகுப்பாய்வு செய்த அன்பர்களுக்கு இது நினைவிருக்கும். போரேட் உப்பில் அடர் கந்தக அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்துச் சூடாக்கி, எழும் ஆவியைக் கொளுத்தினால், ஓரம் பச்சையான சுடர் எழும். நம்முள் பலர் முதன்முதலில் கண்ட பச்சைத் தீ அதுவே. எரியும்போது உண்டாகும் போரான் ஆக்ஸைடு மூலக்கூறு 520 முதல் 580 நானோமீட்டர் வரையுள்ள பச்சை, மஞ்சட்பச்சை ஒளியை வெளியிடுவதே காரணம்.

இங்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். திரையில் திரவமும் பச்சை, சுடரும் பச்சை. இவ்விரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. செம்புச் சல்பேட்டுக் கரைசல் நீலம். அது சுடரில் காட்டும் நிறம் பச்சை. போரான் எஸ்டர்களுக்கு நிறமே இல்லை, தண்ணீரைப்போல் இருக்கும். பச்சைத் திரவம் பார்ப்பவரை அச்சுறுத்தவே வைக்கப்பட்டது. உண்மையில் நிறமற்ற திரவமே பேரச்சத்துக்குரியது. அது ஒழுகுவதை டாவோஸ் கண்டிருக்கவே முடியாது.

பச்சையாக எரியும் திரவங்கள் உலகில் இருந்திருக்கின்றன, இருக்கின்றன. ட்ரைஎத்தில்போரேன் என்பது அவற்றுள் ஒன்று. காற்றுப் பட்ட அளவில் தானே தீப்பற்றிப் பச்சையாக எரியும். எஸ்.ஆர்.-71 என்னும் அமெரிக்க அதிவேக விமானத்தின் எரிபொருள் எளிதில் பற்றாதது. அதைப் பற்றவைக்க இத்திரவத்தையே பயன்படுத்தினர். இன்று ஃபால்கன் 9 ஏவுகணை புறப்படும் நொடியில் அடியில் தோன்றும் பச்சை மின்னலும் இதனால் ஆவதே. 1950களில் அமெரிக்கர் பென்டாபோரேன் என்னும் மற்றொரு போரான் சேர்மத்தை விமான எரிபொருளாக ஆக்க முயன்றனர். அது கொடிய நஞ்சு. தானே தீப்பற்றும் இயல்பும் உடையது. அதனோடு பழகியவர்கள் அதற்கு இட்ட செல்லப்பெயர் 'பச்சை டிராகன்' என்பது.

நீரின்மேல் எரியுமா?

எரியும். எண்ணெய் நீரைவிட இலேசானது, ஆகவே மிதக்கும். மிதந்தபடி காற்றிலுள்ள ஆக்ஸிஜனைக் கொண்டு எரியும். அதன்மேல் நீரை ஊற்றினால் நீர் எண்ணெயின் அடியில் இறங்கி, அங்கே கொதித்து ஆவியாகும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. அந்த விரிவு எரியும் எண்ணெயை நாற்புறமும் வாரி இறைக்கும். வாணலி எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றாதே, மூடியால் மூடு என்று வீட்டில் சொல்வதன் காரணம் இதுவே.

ஆனால் ஒரு கப்பல் சரக்கு எவ்வளவு பரப்பில் எரியும்? எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிக மெல்லியதானால், அடியிலுள்ள நீர் வெப்பத்தை உறிஞ்சிவிடும், தீ நிலைக்காது. படலம் ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரையேனும் தடித்திருக்க வேண்டும் என்பது கடலில் கசிந்த எண்ணெயை எரித்து அகற்றுவோர் கண்ட அனுபவம். இரண்டு மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஒரு கன மீட்டர் எண்ணெய் 500 சதுர மீட்டர் பரப்பை மூடும். கப்பலில் நூறு கன மீட்டர் இருந்ததாகக் கொண்டால், பரப்பு 50,000 சதுர மீட்டர். அதாவது பன்னிரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். நெருங்கி வரும் ஒரு கப்பற்கூட்டத்தைச் சூழ அது போதும் எனலாம்.

எவ்வளவு நேரம் எரியும்? மிதக்கும் கச்சா எண்ணெய் நிமிடத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் வீதம் எரிந்து தீரும். ஆகவே இரண்டு மில்லிமீட்டர்ப் படலம் ஒரு நிமிடங்கூட நிலைக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடமே போதும். கீல் பூசிய மரம், கயிறு, பாய் ஆகிய மூன்றும் பற்றிக்கொண்டால் எண்ணெய் தீர்ந்த பின்னும் கப்பல் எரியும்.

எனினும் திரைக்காட்சியில் ஒரு முரண் உண்டு. பச்சையாக எரிய வேண்டுமானால் போரான் வேண்டும். போரான் எஸ்டர் நீர் பட்டவுடன் சிதைந்து போரிக் அமிலமும் ஆல்கஹாலுமாகப் பிரியும். அது ஆற்றின்மேல் படலமாக மிதக்காது. ட்ரைஎத்தில்போரேன் மிதக்கும், ஆனால் கப்பலிலிருந்து ஒழுகும்போதே தானே பற்றிக்கொள்ளும், அம்புக்குக் காத்திராது. எண்ணெயில் கலந்து அதன் வேகத்தைத் தணித்தாலோ, எண்ணெயின் கரித்துகள்கள் தரும் மஞ்சள் ஒளி பச்சையை விழுங்கிவிடும். அமைதியாக ஒழுகிப் பரவி, அம்புக்குக் காத்திருந்து, பின்பு தூய பச்சையாக எரியும் திரவம் ஒன்றை நான் அறிந்த வேதியியலால் அமைக்க இயலவில்லை. அந்த இடத்தில் இரசவாதிகளின் மந்திரத்துக்கே வழிவிட்டு விலகுகிறேன்.

எரிதலும் வெடித்தலும்

அடுத்து, அந்தப் பெருவெடிப்பு. பார்ப்பவர் பலரும் வெடித்தலை எரிதலின் பெரிய வடிவம் என்று எண்ணுகின்றனர். அஃது அன்று. ஒரு கிலோகிராம் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 44 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படும். ஒரு கிலோகிராம் டி.என்.டி. வெடித்தால் வெளிப்படுவது ஏறத்தாழ 4.2 மெகாஜூல் மட்டுமே. பத்தில் ஒரு பங்கு! பின் ஏன் டி.என்.டி. பாறையைப் பிளக்கிறது? ஆற்றலின் அளவு காரணமன்று. அது வெளிப்படும் விரைவே காரணம். டி.என்.டி. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனின் ஒரு பகுதியைத் தன் மூலக்கூறிலேயே வைத்திருக்கிறது. அதில் வெடியலை நொடிக்குப் பல ஆயிரம் மீட்டர் பாய்கிறது. பெட்ரோலோ காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதன் ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் பற்றும். குறைந்தாலும் பற்றாது, மிகுந்தாலும் பற்றாது.

ஆகவே திறந்த ஆற்றின்மேல் பரவிய திரவம், தீப்பட்டதும் தாவிப் பரவி எரியுமேயன்றி, மலை பிளந்ததுபோல் கப்பல்களை வானில் தூக்கி எறியாது. குறுகிய அறையில் ஆவி நிறைந்து பற்றினால் வெடிக்கும். அவ்வகையில், 2016இல் ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியில் நிலவறைக் குடங்கள் தீப்பற்றிக் கோயிலொன்று சிதறும் காட்சி, இந்த ஆற்றுக் காட்சியைவிட இயற்பியலுக்குச் சற்று அருகில் நிற்கிறது.

என் நண்பரின் கேள்விக்கு விடை இதுதான்: ஆறு எரியும், ஆறு வெடிக்காது, எரியும் ஆறு பச்சையாகவும் இராது. ஆனால் இதனால் மனிதருக்கு நேரும் துன்பம் ஒரு துளியும் குறையாது. மஞ்சள் நெருப்பும் அதே வேலையைத்தான் செய்யும்.

வரலாற்றில் ஒரு நீர்த்தீ

செய்தது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 672ஆம் ஆண்டளவில், சிரியாவின் ஹெலியோபோலிஸ் நகரிலிருந்து காலினிகோஸ் என்னும் கட்டடக் கலைஞர் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அடைக்கலமாக வந்தார். நீரில் எரியும் நெருப்பின் முறையை அவர் கொண்டுவந்தார் என்று தியோஃபனீஸ் என்பாரின் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. பிற்காலத்தார் அதைக் 'கிரேக்கத் தீ' என்றனர். கப்பலின் முன்பகுதியில் குழாய் பொருத்தி, விசைக்குழாயால் அழுத்தி, திரவத் தீயைப் பகைவர் கப்பல்மேல் பீய்ச்சினர். 717-718இல் அராபியர் முற்றுகையை முறியடித்ததிலும், 941இல் ரஷ்யப் படகுகளை எரித்ததிலும் அதற்குப் பங்குண்டு.

அதன் கலவையை இன்றுவரை எவரும் உறுதியாக நிறுவவில்லை. கருங்கடற் பகுதியில் ஊறிய கச்சா எண்ணெயும் பிசினும் அதில் இருந்திருக்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து. பத்தாம் நூற்றாண்டுப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகனுக்கு எழுதிய அறிவுரை நூலில், அந்நியர் எவர் கேட்டாலும் இத்தீயின் மறையைத் தராதே, அது வானவர் வழியாக வந்தது என்று சொல் என்று கற்பிக்கிறார். மறை அத்துணை கவனமாகக் காக்கப்பட்டதனால் காத்தவரோடே மறைந்தது.

இவ்வரலாற்றைப் படிப்பவர் ஒன்றை மறுக்க இயலாது. அந்தத் தீ ஒரு நகரத்தைக் காத்தது. மதிலுக்குள் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தனர். கதையிலும் அவ்வாறே, மகளிரும் குழந்தைகளும் அரண்மனைக்குள் ஒடுங்கியிருக்க, வெளியே படை நிற்கிறது. டிரியன் அந்தப் பந்தத்தை எறியாதிருந்தால் அவர்கள் கதி என்ன? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு அறம் பேசுவது நேர்மையாகாது. அதேபோல், தீ மட்டும் அப்போரை வெல்லவில்லை என்பதையும் கூற வேண்டும். எஞ்சிய வீரரோடு ஸ்டானிஸ் கரையேறி மதிலை முட்டுகிறான். புதிய படை வந்து தாக்கிய பின்னரே தோற்கிறான்.

குடம் எண்ணியவர்

இப்போது அந்த மூன்று முகங்களுக்கு வருவோம். டிரியனைப் பற்றிப் பலரும் பேசுவர். ஜாஃப்ரியை வெறுக்காதவர் இலர். ஹாலைனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் வேதியியல் மாணவருக்கு அக்கதையில் உறவினன் அவன்தான். அவன் கொடியவன் அல்லன். பணிவானவன், தொழிலில் கவனமுள்ளவன், இத்தனைக் குடம் ஆயிற்று, இன்னும் இத்தனை ஆகும் என்று கணக்கு ஒப்புவிப்பவன். யாருக்காகக் காய்ச்சுகிறோம் என்பதில்கூட அவனுக்குப் பிடிவாதம் இல்லை. அரசித்தாய் செர்சிக்காகக் காய்ச்சியதை டிரியனுக்காகக் காய்ச்சு என்றால் காய்ச்சுகிறான்.

கற்பனையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1942இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஃபீசர் என்னும் வேதியியல் பேராசிரியரின் குழு, பெட்ரோலைக் கூழாக்கும் ஒரு பொருளைக் கண்டறிந்தது. அதுவே நேபாம். வெறும் பெட்ரோல் சிந்தி ஓடிவிடும். கூழாக்கினால் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எரியும். கதையின் பச்சைத் தீயும் ஒட்டிக்கொண்டு எரியும் என்பதை நினைவுகூர்க. 1945 மார்ச் 9, 10 நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் டோக்கியோ நகரின்மேல் நேபாம் நிறைத்த குண்டுகள் பொழிந்தன. ஓர் இரவில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மடிந்தனர். பின்னர்க் கொரியாவிலும் வியட்நாமிலும் அதே தீ எரிந்தது.

ஃபீசர் கொடியவரா? அல்லர். 1939இல் வைட்டமின் கே-யைத் தொகுத்தவர்களுள் அவரும் ஒருவர்; குருதி உறையாமல் வருந்துவோருக்கு உதவும் பணி அது. அவர் எழுதிய கரிம வேதியியல் நூல்களைத் தலைமுறை தலைமுறையாக மாணவர் படித்தனர். வியட்நாம் போரின்போது அவரிடம் நேபாம் பற்றிக் கேட்டனர். கண்டறிந்தவர் என்பதனாலேயே அதன் அறத்தைத் தீர்ப்பிடும் உரிமை தமக்கு வந்துவிடாது என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். அந்த விடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதில் பணிவு இருக்கிறது; அதை ஒப்புகிறேன். ஆனால் தீக்காயம் பட்ட தோலில் அந்தக் கூழ் என்ன செய்யும் என்பதை அதை ஆக்கியவரைவிட நன்கு அறியத்தக்கவர் யார்? அறிந்தவர் பேசாதிருந்தால், அறியாதவர் கைதட்டுவதைத் தடுப்பவர் யார்?

1980இல் உலக நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையொன்றின் மூன்றாம் நெறிமுறை, தீயூட்டும் படைக்கலங்களைப் பொதுமக்கள்மேல் ஏவுவதைத் தடை செய்கிறது. இந்தியாவும் அதை ஏற்றுள்ளது. நல்லது. ஆனால் அதன் வரையறையைக் கூர்ந்து படித்தால் ஒரு வேதியியல் மாணவருக்கு உறுத்தும். தீ மூட்டுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு வடிவமைத்த படைக்கலமே அதில் அடங்கும். புகைத்திரை எழுப்புவதற்காக ஆக்கிய வெண்பாஸ்பரக் குண்டு அடங்காது. வெண்பாஸ்பரமோ காற்றுப் பட்டால் எரிவது. தோலில் பட்டால் ஆழ எரிப்பது. நோக்கம் எது என்று பாஸ்பரத்துக்குத் தெரியுமா? பெயர்ப்பலகையைப் பார்த்து வேதிவினை நிற்பதில்லை. இதை எடுத்துச் சொல்லும் கடமை சட்டம் படித்தவருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது.

முடிவுரை

இது எனக்கு வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. முதுநிலைப் படிப்பு முடிந்ததும் நானும் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். எரிபொருள்களையும் வெடிபொருள்களையும் ஆராயும் கூடங்களும் அவற்றுள் உண்டு. அங்கே நல்ல கருவிகள் உண்டு. நல்ல ஊதியமும் உண்டு. வீட்டில் என் முதல் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லும் துணிவும் எனக்கில்லை. அப்படிச் சொல்வது சரியென்றும் நான் எண்ணவில்லை. எனவே அங்கே போகவே மாட்டேன் என்று சூளுரைத்து இக்கட்டுரையை முடிக்கும் நிலையில் நான் இல்லை.

ஆனால் எத்தகைய மனிதராய்ப் போவது என்பதை இப்போதே முடிவு செய்யலாம். ஹாலைனைப்போல் குடங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது எளிது. ஆய்வுக்கூடத்தில் நாம் காண்பது நிறையும் வெப்பநிலையும் விளைச்சல் விழுக்காடும்தான்; மாத்தோஸ் நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே அவனைக் காண்பதற்கு நாமே முயல வேண்டும். நாம் ஆக்கும் பொருள் எங்கே போகிறது, யார்மேல் விழுகிறது, விழுந்தால் என்ன செய்யும் என்று கேட்டறிவதும், அறிந்ததை மறைக்காமல் சொல்வதும், சொல்லியும் கேளாதபோது கையெடுத்துவிடுவதும் நம் படிப்பின் ஒரு பகுதியாக வேண்டும். இவை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆகவேதான் இவற்றை நம் மன்றத்து இதழில் எழுதுகிறேன்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பிளாக்வாட்டர்' பகுதியைப் பாருங்கள். அது நல்ல கலை. அம்பு பறக்கும் நேரத்தில் பச்சைச் சுடரைப் பார்த்து வியப்பதிலும் தவறில்லை, நானும் வியந்தேன். அதன்பின் கைதட்டுமுன் ஒரு நொடி பொறுத்து, மதில்மேல் நிற்கும் அந்தக் குள்ளனின் முகத்தைப் பாருங்கள். தான் செய்ததைத் தானே நின்று பார்க்கும் அந்தத் துணிவை அவனிடமிருந்து நாம் கற்கலாம்.